கறுவா எண்ணெய் கலந்த அமிலத் தொட்டி: மட்டக்களப்புப் பட்டறை ஒன்றின் கறள் நீக்கும் சேவை

மட்டக்களப்பு நகரை அண்டிய ஒட்டுவேலைப் (வெல்டிங்) பட்டறை ஒன்று, கறள் பிடித்த இரும்புப் பொருட்களை அமிலத் தொட்டியில் இட்டுச் சுத்தம் செய்து கொடுக்கும் சேவையை நடத்தி வருகிறது. அமிலம் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடாதபடி அதில் கறுவா இலை எண்ணெயைக் கலப்பதுதான் இந்தப் பட்டறையின் தனித்தன்மை. அதே எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட, இரும்பின்மேல் நேரடியாகத் துடைத்துப் பூசும் கறள் தடுப்புத் திரவம் ஒன்றும் சிறு போத்தல்களில் அங்கேயே விற்கப்படுகிறது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். தொட்டிச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். போத்தலைக் கடற்கரையோரம் வசிக்கும் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டிலும் இருப்பது ஒரே எண்ணெய்தான் என்பதால், ஒன்று பலிப்பதற்கும் மற்றது பலிக்காததற்கும் உரிய காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குறைகளையும் எழுதுவதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் பகுதியில் இரும்பு படும் பாட்டை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எழுவான்கரையில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்க, இடையில் உள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. உப்பு படிந்த இரும்பு மழை பெய்யாத நாளிலும் நனைந்தே இருக்கிறது. ஏனெனில் சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரைகிறது, கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டோ 33 சதவீத ஈரப்பதனிலேயே அதைச் செய்துவிடுகிறது. எனவே கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடலைப் பார்த்திருக்கும் ஒரு சாளரக் கம்பியின்மேல், கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஆண்டு முழுவதும் இருந்துகொண்டே இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் வயற்பகுதிகளிலும் நிலைமை வேறு வகையானது. அங்கே கடற்காற்று குறைவு. ஆனால் சேறும், வயலுக்கு இடும் எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு) உரத்திலுள்ள குளோரைட்டும் உழவு உபகரணங்களைத் தின்கின்றன. பெரும்போகம் முடிந்து கழுவாமல் நிறுத்திவைத்த உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லு, சிறுபோகத்துக்கு எடுக்கும்போது செதில் செதிலாக உரிவதை விவசாயிகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். கறள், அது உருவாகக் காரணமான இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கூடியது என்பதால், பெயின்ற்றுக்கு அடியில் தொடங்கும் சிறு புள்ளிகூடப் பெயின்ற்றை உப்பச் செய்து வெடிக்க வைத்துவிடுகிறது. அதனால்தான் பழைய கறளை முற்றாக நீக்காமல் அதன்மேல் அன்ரிகொரோசிவ் (கறள் தடுப்புப் பெயின்ற்) அடிப்பது பணத்தை வீணாக்குவதாகிறது.

கறளை நீக்குவதற்கு இங்கே வழக்கமாக உள்ள வழி, கிறைண்டரில் கம்பித் தூரிகையைப் பூட்டித் தேய்ப்பது. தட்டையான பரப்புக்கு அது போதும். பூவேலைப்பாடுள்ள சாளரக் கம்பிகளின் சுருள்களுக்குள்ளும், ஒட்டு வைத்த மூலைகளிலும், மரைகளின் பள்ளங்களிலும் தூரிகை எட்டாது. அமிலம் எட்டும். ஐதரோகுளோரிக் அமிலம் இரும்பு ஒட்சைட்டைக் கரைத்துவிடும். உருக்குத் தொழிற்சாலைகளில் தகடுகளைப் பெயின்ற்றுக்கும் நாகப் (சிங்க்) பூச்சுக்கும் தயார்செய்ய, பொதுவாக 5 முதல் 15 சதவீதம் வரையிலான செறிவில் இதைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் என்னவென்றால், கறள் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்பது அமிலத்துக்குத் தெரியாது. கறள் மெலிந்த இடங்களில் அது நல்ல இரும்பைத் தாக்கத் தொடங்கி, ஐதரசன் வாயுவைக் குமிழிகளாக வெளியேற்றும். அந்தக் குமிழிகள் மேற்பரப்பில் வெடிக்கும்போது அமிலத் துளிகளையும் காற்றில் தூக்கி எறிகின்றன. தொட்டிக்கு அருகில் நிற்பவருக்குத் தொண்டை எரிவது பெரும்பாலும் இதனால்தான். ஐதரசனின் ஒரு பகுதி இரும்புக்குள்ளேயே புகுந்து, வன்மையான உருக்கை நொறுங்கும் தன்மை உடையதாக ஆக்கிவிடுவதும் உண்டு.

இதைத் தடுக்கவே அமிலத்தில் தடுப்பான் சேர்க்கிறார்கள். தொழில்துறையில் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருபவை எக்சமின், தயோயூரியா, புரோபாகில் அற்ககோல் போன்றவை. எக்சமின் அமிலத்தில் உடைந்து போமல்டிகைட்டை வெளியிடுகிறது. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டது. புரோபாகில் அற்ககோல் கடும் நஞ்சு. முறையான காற்றோட்டமும் முகக்கவசமும் உள்ள தொழிற்சாலையில் இவற்றைக் கையாளலாம்; தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் இவற்றை வைத்திருப்பதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருக்கிறது. தாவர எண்ணெய்களை மாற்றாகக் கொண்டுவரும் முயற்சியின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

கறுவா, கராம்பு, யூக்கலிப்டஸ், ரோஸ்மேரி, வாசனைப்புல் முதலியவற்றின் எண்ணெய்களை அமிலத்தில் சிறிதளவு கலந்து, மெல்லுருக்குத் துண்டுகளை அதில் தோய்த்து, எடை இழப்பை அளக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எண்ணெய் இல்லாதபோது ஏற்படும் எடை இழப்பிலிருந்து எண்ணெய் உள்ளபோது ஏற்படும் இழப்பைக் கழித்து, முதலாவதால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவதே தடுப்புத் திறன். லீற்றருக்கு ஓரிரு கிராம் எண்ணெய்க்கே 80, 90 சதவீதத் திறன் கிடைத்ததாகக் கூறும் கட்டுரைகள் ஏராளம். இந்த எண்ணெய்களின் மூலக்கூறுகளில் உள்ள ஒட்சிசன் அணுக்களும் வளையங்களின் இலத்திரன்களும் இரும்பின் பரப்போடு பிணைந்துகொள்கின்றன. கறுவா இலை எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனோல். கராம்பு எண்ணெயிலும் அதுவே முதன்மையானது. கறுவாப் பட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் முதன்மையானது சினமல்டிகைட்டு, அது பெற்றோலிய எண்ணெய்க் கிணறுகளில் அமிலம் செலுத்தும் வேலையில் இரும்புக் குழாய்களைக் காக்க முன்பே பயன்பட்டுவரும் பொருள். இலை எண்ணெயும் பட்டை எண்ணெயும் விலையிலும் இயல்பிலும் வேறுபட்டவை என்பதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். வெறுமனே கறுவா எண்ணெய் என்று எழுதிய போத்தல் எதையும் சொல்வதில்லை. பட்டறைக்காரர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். தென்பகுதியில் கறுவா பயிராகும் இடங்களில் இலையை வடித்து எடுக்கும் எண்ணெயையே தாம் எடுப்பித்துப் பயன்படுத்துவதாகச் சொன்னார்.

சேவை நடக்கும் முறையைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. எண்ணெய் நீரில் கரையாது என்பதால், அப்படியே அமிலத்தில் ஊற்றினால் மேலே மிதக்குமே தவிர இரும்பைப் போய்ச் சேராது. அவர் அதை முதலில் ஸ்பிரிட்டில் கரைத்து, பிறகு தண்ணீரில் சேர்த்து, இறுதியாக அதற்குள் அமிலத்தை ஊற்றுகிறார். தண்ணீரை அமிலத்துக்குள் ஊற்றுவதில்லை என்பதைப் பார்த்து மனநிறைவடைந்தேன். ஸ்பிரிட் கலக்கும் மேசை ஒட்டுவேலை நடக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில், சுவருக்கு அப்பால் இருக்கிறது. தொட்டி பிளாஸ்ரிக்கினால் ஆனது. வேலையைக் காலையிலேயே தொடங்கிவிடுகிறார். அதற்கு அவர் சொன்ன காரணம் வெயிலின் களைப்பு. இரசாயனவியல் வேறொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது: வெப்பநிலை ஏற ஏற இத்தகைய எண்ணெய்களின் மூலக்கூறுகள் இரும்பின் பரப்பைவிட்டு விலகுவதால், பொதுவாகத் தடுப்புத் திறன் குறைகிறது. ஆய்வுகளில் பெரும்பாலானவை 25, 30 பாகை அளவில் செய்யப்பட்டவை. எங்கள் ஊரின் நண்பகலில் வெயில் விழும் தொட்டி அதைத் தாண்டிவிடும்.

வீட்டுச் சாளரக் கம்பிகளைக் கொடுப்பதற்கு முன், ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளைக் கொண்டுபோய்ச் சோதிக்க அனுமதி கேட்டேன். "தாராளமாப் பாருங்க சேர், எங்களுக்கும் ஒரு அத்தாட்சிதானே" என்று அவர் இரண்டு வாளிகளை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் வெறும் அமிலம், மற்றதில் தொட்டியிலிருந்து எடுத்த எண்ணெய் கலந்த அமிலம். இரண்டும் ஒரே செறிவு. வெறும் அமிலத்தில் இட்ட துண்டைச் சுற்றிக் குமிழிகள் இடைவிடாது எழுந்து, வாளியின் மேல் மூக்கை எரிக்கும் புகை நின்றது. மற்ற வாளியில் கறள் கரையும்போது மஞ்சள் நிறம் பரவியது. கறள் போன பின் குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே எழுந்தன. எடுத்துக் கழுவியபோது வேறுபாட்டைக் கையாலேயே உணர முடிந்தது. முதல் துண்டின் விளிம்புகள் மழுங்கி, பரப்பு முழுவதும் கருஞ்சாம்பல் நிறத்தில் நுண்ணிய குழிகளோடு சொரசொரத்தது. இரண்டாவது துண்டில், தகட்டை வெட்டியபோது கிறைண்டர் விட்ட மெல்லிய கீறல் கோடுகள்கூட அப்படியே தெரிந்தன. விளிம்பு கையைக் கீறும் கூர்மையோடு இருந்தது. தராசு இல்லாமலே முடிவு சொல்லக்கூடிய சோதனை அது.

சாளரக் கம்பிகளும் அதே தரத்தில் வந்தன. கிறைண்டர் எட்டாத சுருள்களின் உட்பக்கம் சாம்பல் நிற இரும்பாகத் தெளிந்திருந்தது. பட்டிருப்புப் பக்கத்தில் வயல் செய்யும் மைத்துனரின் இரும்புச் சில்லையும் பின்னர் கொடுத்தோம். சேறு இறுகிக் கறளோடு கலந்திருந்த மூலைகளுக்கு இரண்டாவது முறை தொட்டியில் இட வேண்டியிருந்தது என்றாலும், கம்பிகளின் பருமன் குறையவில்லை. கூலி, கிறைண்டர் வேலைக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல். மணலூதிச் சுத்தம் செய்வதற்குக் கேட்பதைவிடக் குறைவு. கிடைக்கும் வேலைக்கு அது நியாயமான கூலி என்பது என் எண்ணம்.

பட்டறைக்காரரிடம் நான் மிகவும் மதித்தது, எதை ஏற்கக்கூடாது என்பதில் அவருக்கிருந்த தெளிவு. நாகப் பூச்சுள்ள குழாய்களை அவர் திருப்பி அனுப்புகிறார்; அமிலம் முதலில் நாகத்தைத்தான் கரைக்கும். அலுமினியத்தைத் தொட்டிக்கு அருகிலேயே விடுவதில்லை. வாகன வில்லுத் தகடு ஒன்றை ஒருவர் கொண்டுவந்தபோது, "இதுக்குள்ள காத்துப் பூந்தா பிறகு முறிஞ்சிரும் அண்ணன்" என்று மறுத்துவிட்டார். ஐதரசன் புகுந்து நொறுங்கும் ஆபத்தை அவர் தமக்குரிய சொற்களில் சரியாகவே அறிந்திருக்கிறார். தடுப்பான் ஐதரசன் உருவாவதைக் குறைக்குமே தவிர முற்றாக நிறுத்தாது என்பதால், அந்த மறுப்பு பொறுப்பான செயல்.

குறைகளில் முதலாவது, எண்ணெயின் அளவு. அவர் கண்மதிப்பில் ஊற்றுகிறார். தொட்டி பழசாகும்போது மேலும் மேலும் சேர்க்கிறார். இரும்பின் பரப்பு ஓர் அளவுக்கு மூலக்கூறுகளால் நிரம்பிய பின், அதற்கு மேல் ஊற்றும் எண்ணெயால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. மாறாக, மிகுதி எண்ணெய் பொருளின்மேல் ஒட்டிக்கொண்டு பெயின்ற் பிடிக்காமல் செய்துவிடும். எங்கள் கம்பிகளில் ஒன்றைக் கழுவிய பின்னும் கறுவா மணம் போகவில்லை. அதைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, தின்னரால் துடைத்த பின்னரே அன்ரிகொரோசிவ் அடிக்கச் சம்மதித்தேன். அளவுச் சாடி ஒன்றை வாங்கி வைத்தால் இந்தக் குறையும் தீரும், செலவும் குறையும்.

இரண்டாவது குறை பெரியது. கழுவிய நீர் முற்றத்து ஓரத்தால் ஓடி மண்ணில் இறங்குகிறது. எண்ணெய் தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காகத் தொட்டியின் கழிவு தீங்கற்றதாகிவிடாது. அதில் எஞ்சிய அமிலமும் கரைந்த இரும்புக் குளோரைட்டும் இருக்கின்றன; செறிந்த நிலையில் யூஜெனோலே மீன்களுக்கு நஞ்சு, நம் தோலிலும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. மணல் நிலத்தில் ஊற்றுவது எதுவும் கிணற்றுக்கோ வாவிக்கோ போய்ச் சேராமல் நிற்பதில்லை. சுண்ணாம்பை இட்டு அமிலத்தை நடுநிலையாக்கி, படியும் இரும்புச் சேற்றைத் தனியே எடுத்துவைப்பதற்கு ஒரு பழைய பீப்பாய் போதும். இதை அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன், செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வாவியை நம்பி மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் உள்ள ஊரில், பசுமையான முறை என்ற பெயருக்கு உரிமை கோருவதற்கு இதுவே முதல் நிபந்தனை என்று நான் கருதுகிறேன்.

இனிப் போத்தலுக்கு வருகிறேன். அதன் ஒட்டுத்தாளில், கறளை 90 சதவீதம் தடுக்கும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண் பட்டறைக்காரர் தாமாகக் கற்பனை செய்தது அல்ல. எண்ணெயைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அந்த எண் எதைக் குறிக்கிறது? நீர்த்த அமிலத்துக்குள், சில மணி நேரத்துக்கு, எண்ணெய் இல்லாத அமிலத்தோடு ஒப்பிட்டால் எடை இழப்பு அந்த அளவு குறைந்தது என்பதை மட்டுமே. அங்கே எண்ணெய் கரைசலில் தொடர்ந்து இருக்கிறது. இரும்பின் பரப்பிலிருந்து ஒரு மூலக்கூறு விலகினால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். கல்லடிக் கடற்கரையில் நிற்கும் கேற்றுக்கு அப்படி எதுவும் வந்து சேர்வதில்லை. பூசிய எண்ணெய் ஒருமுறை போனால் போனதுதான்.

அது போகவும் செய்கிறது. தேங்காயெண்ணெயில் ஒரு துளியையும் கறுவா இலை எண்ணெயில் ஒரு துளியையும் கடதாசியில் இட்டு வைத்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். மற்றது நாளடைவில் மணத்தோடு சேர்ந்து பெரும்பாலும் ஆவியாகிவிடும். வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய்கள் ஆவியாகும் இயல்பினால்தான் நீராவியோடு வடிக்கப்படுகின்றன. அந்த இயல்பே, வெளியில் நிற்கும் இரும்பைக் காக்கும் வேலைக்கு அவற்றைத் தகுதியற்றவை ஆக்குகிறது. எங்கள் முன்னோர் கத்திக்கும் மண்வெட்டிக்கும் தேங்காயெண்ணெயைத் தடவி வைத்ததில் இருந்த பயன், அது ஆவியாகாமல் நின்றதுதான்.

மாரி தொடங்குவதற்கு முன், சுத்தம் செய்த தகடுகள் சிலவற்றை மொட்டை மாடியில் கடலைப் பார்க்க வைத்தேன். போத்தல் திரவம் பூசியதில், மணம் மறைந்து சில நாட்களுக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றின. விரல் பட்டுத் திரவம் அழிந்த இடங்களில் அவை முதலில் வந்து, பின்னர் தகட்டின் கடற்பக்க விளிம்பு முழுவதும் பரவின. கிறீஸ் தடவிய தகடு தூசு பிடித்து அழுக்கானாலும் கறளின்றி இருந்தது. அன்ரிகொரோசிவ் இரண்டு கை அடித்த தகட்டில் கீறிய கோட்டைத் தவிர வேறெங்கும் கறள் இல்லை. அதே திரவத்தைப் பூசி வீட்டுக்குள், மூடிய பெட்டியில் கருவிகளோடு வைத்த தகடு மட்டும் நன்றாக இருந்தது. மூடிய இடத்தில் ஆவி வெளியேறாமல் நிற்பது அதற்கு உதவியிருக்கலாம். ஆகவே கருவிப் பெட்டிக்கு மட்டும் வேண்டுமானால் ஒரு போத்தலை வாங்கலாம். கேற்றுக்கும், சாளரத்துக்கும், படகின் இரும்புப் பாகங்களுக்கும் அதை நம்பக்கூடாது. ஒட்டுத்தாளிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடும்படி பட்டறைக்காரரைக் கேட்டுக்கொண்டேன். நல்ல சேவையை நடத்துபவருக்கு, அடுத்த மாரியில் ஏமாந்து திரும்பி வரும் வாடிக்கையாளர்கள் தேவையில்லை.

1924 இல் கட்டப்பட்ட கல்லடிப் பழைய இரும்புப் பாலம், 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னும் வாவியின் உப்புக்காற்றில் நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். திறந்த வெளியில் இருக்கும் இரும்புக்கு, சுத்தமான பரப்பின்மேல் தடித்த பூச்சும் காலந்தவறாத பராமரிப்புமே வேண்டும். அந்தச் சுத்தமான பரப்பை, இரும்பைக் கெடுக்காமலும் வேலை செய்பவரின் மூச்சை அதிகம் கெடுக்காமலும் தருவதுதான் கறுவா எண்ணெய் கலந்த தொட்டியால் ஆகக்கூடிய வேலை. அதை இந்தப் பட்டறை நன்றாகச் செய்கிறது.

சேவையைப் பெற விரும்புவோர் மழையில்லாத நாளில், காலையில் போவது நல்லது. கறள் நீங்கிய இரும்பு மிகவும் பசியோடு இருக்கும். கழுவியதும் சலவைச் சோடா நீரில் தோய்த்து உடனே உலர்த்தாவிட்டால், மாலைக்குள் மெல்லிய மஞ்சள் படலம் படிந்துவிடும். ஆகவே அன்ரிகொரோசிவையும் தூரிகையையும் முன்கூட்டியே வாங்கிக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பட்டறையின் பின்புறத்தில் பூச்சு வேலையை முடித்து எடுத்துவர இடம் தருகிறார்கள். பொருளில் எண்ணெய் மணம் எஞ்சியிருந்தால், பூசுவதற்கு முன் சவர்க்கார நீரில் இன்னொரு முறை கழுவித் தரும்படி கேளுங்கள். அதற்கு அவர்கள் மேலதிகக் கூலி வாங்குவதில்லை.